வகுப்பு நேரம் தெரிந்து வேலை கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

முதுகலை வேதியியல் படித்துக்கொண்டே மாலையில் ஒரு கடையின் பில்லிங் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். பகுதிநேர வேலை தேடும் ஜூனியர்கள் என்னிடம் முதலில் சம்பளத்தைத்தான் விசாரிக்கிறார்கள். அதைவிட முக்கியமானது, ஷிஃப்ட் அட்டவணை எத்தனை நாள் முன்னதாகக் கைக்கு வரும், தேர்வு வாரத்தில் விடுப்பு கிடைக்குமா என்பதுதான். 'நேரம் உங்கள் வசதிப்படி' என்றுதான் விளம்பரத்தில் இருந்தது. ஆனால் மறுநாள் ஷிஃப்ட் எனக்கு இரவு பத்து மணிக்கு மேல்தான் வாட்ஸ்அப்பில் வருகிறது. காலையில் செய்முறைத் தேர்வு இருந்தாலும் மாற்றித் தருவதில்லை.

என் தோழி பல்கலைக்கழக நூலகத்தில் திரும்பி வரும் புத்தகங்களை அடுக்குகிறாள். பருவத் தொடக்கத்திலேயே அவளுடைய வகுப்பு அட்டவணையை வாங்கிக்கொண்டு, இடைப்பட்ட மணி நேரங்களில் மட்டும் வேலை தருகிறார்கள். பயண அலைச்சலும் இல்லை. இப்படி மாணவர்கள் படித்துக்கொண்டே வேலை பார்ப்பதற்காக அமெரிக்காவில் 1964-இல் கொண்டுவரப்பட்ட 'ஒர்க்-ஸ்டடி' திட்டத்தில், வசதி குறைந்த மாணவர்களின் சம்பளத்தில் ஒரு பங்கை அரசே ஏற்கிறது.

நூலகம், ஆய்வகம், அலுவலகம் என்று வளாகத்துக்குள்ளேயே எவ்வளவோ வேலை இருக்கிறது. பல்கலைக்கழகங்கள் அவற்றில் சிலவற்றை மாணவர்களுக்கென ஒதுக்கி, வகுப்பு தொடங்கும் முன்பே அறிவிப்புப் பலகையில் போட வேண்டும்.

இப்படிக்கு,
முதுகலை மாணவி ஒருவர்