கறை என்று மட்டும் எழுதியிருந்தாய்

அன்புள்ள கண்ணாவுக்கு,

நாங்கள் நலம். அப்பாவுக்கு மூட்டு வலி பழையபடிதான், மாத்திரை போட்டுக்கொண்டு நடமாடுகிறார். அக்கா போன வாரம் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். சேதி அவ்வளவுதான்.

உன் செய்தியைப் பார்த்தேன். "அம்மா, கார்ப்பெட்டில் ஒரு கறை. துடைத்தால் போகிறது, காய்ந்தபின் மறுபடி வருகிறது. என்ன செய்வது?" என்று எழுதியிருந்தாய். என்ன கறை என்று கேட்டேன், பதில் இல்லை. போனில் கேட்டதற்கு, "ஏதோ கொட்டிவிட்டது, விடும்மா" என்றாய். 26 வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் நின்றவளிடம் ஏதோ கொட்டிவிட்டது என்றால் நான் என்ன சொல்ல முடியும்? ஒவ்வொரு கறைக்கும் ஒரு வழி இருக்கிறது. ஒன்றைப் போக்குவது இன்னொன்றை நிரந்தரமாக ஒட்ட வைத்துவிடும். அதனால் தெரிந்ததையெல்லாம் எழுதுகிறேன், உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்.

எந்தக் கறையானாலும் தேய்க்காதே. ஒற்றி எடு. தேய்த்தால் கறை அடிக்கு இறங்கும், இழையும் பிரிந்து பஞ்சு பஞ்சாக நிற்கும். அப்புறம் கறை போனாலும் அந்த இடம் தனியாகத் தெரியும். ஒரு வெள்ளைத் துணியை நாலாக மடித்து வைத்து உள்ளங்கையால் அழுத்து. தூக்கிப் பார், சுத்தமான பக்கத்தைத் திருப்பிப் போடு, மறுபடி அழுத்து. கலர் துணி வேண்டாம், சாயம் இறங்கும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வா. எதைப் போடுவதாக இருந்தாலும் முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் இரண்டு சொட்டு விட்டு, துணியால் அழுத்திப் பார். துணியில் கார்ப்பெட்டின் நிறம் ஒட்டினால் அந்த மருந்து வேண்டாம்.

டீ, காபி, பழச்சாறு என்றால் இரண்டு கோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு மேசைக்கரண்டி, வெள்ளை வினிகர் ஒரு மேசைக்கரண்டி கலந்து, துணியை நனைத்து ஒற்று. சோப்புக் கட்டியைக் கொண்டு தேய்த்துவிடாதே, டீக்கறையை அது இன்னும் அழுத்தமாக்கும். கடைசியில் வெறும் தண்ணீரால் ஒற்றி எடுக்க மறக்காதே. சோப்பு மிச்சம் இருந்தால் பிசுபிசுவென்று நின்று போகிற வருகிற அழுக்கையெல்லாம் பிடித்துக்கொள்ளும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் கறை திரும்பி வந்தது மாதிரி இருக்கும், ஆனால் அது புது அழுக்கு.

எண்ணெய் என்றால் தண்ணீர் காட்டாதே. சோள மாவையோ சமையல் சோடாவையோ தாராளமாகத் தூவி, அரைமணி நேரம் விட்டு, வாக்குவம் கிளீனரால் எடுத்துவிடு. மிச்சத்துக்குத்தான் பாத்திரம் கழுவும் திரவம். மெழுகோ சூயிங்கமோ என்றால் ஐஸ் கட்டி வைத்து இறுக வைத்து, கரண்டியின் பின்பக்கத்தால் பெயர்த்து எடு. பேனா மை என்றால் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து ஒற்று, நேராக ஊற்றாதே.

ரத்தம் என்றால் குளிர்ந்த தண்ணீர் மட்டும்தான். சூடு பட்டால் முட்டை வெந்த மாதிரி அதில் இருக்கும் புரதம் இறுகி இழையைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்லுவோம்: முதல் அலசல் குளிர்ந்த தண்ணீரில், சுடுதண்ணீர் அதற்கப்புறம். பால், முட்டை, வாந்தி எல்லாம் அதே கணக்குதான். கார்ப்பெட் வெளிர் நிறமாக இருந்தால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விட்டுப் பார், ரத்தத்தில் பட்டதும் நுரைத்து வரும். அடர்ந்த நிறத்தில் விட்டால் நிறமே வெளுத்துவிடும். யாருக்காவது அடிபட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். அதனால் ரத்தம் இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன். இல்லைதானே?

நீ துவைப்பதில் எனக்குக் குறையே கிடையாது. உன் சட்டைக் காலரைப் பார்த்தே சொல்லுவேன், சொல்லிக்கொடுத்ததற்கு மேலாகவே செய்கிறாய். வீட்டுத் துணி முழுக்க நீதான் துவைக்கிறாய் என்று மருமகள் சொன்னபோது இங்கே நாலு பேரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். ஆனால் இரண்டு நிமிஷத்துக்கு மேல் போனில் நிற்க மாட்டேன் என்கிறாயே, அதுதான். ஒரு கறையைப் பற்றிக்கூட முழுதாகச் சொல்ல மாட்டேன் என்கிறாய்.

காய்ந்தபின் மறுபடி வருகிறது என்றாயே, என் மனசு அதிலேயே நிற்கிறது. மேலே துடைத்துவிட்டாய், அடியில் இருக்கும் மெத்தைப் பஞ்சில் ஈரம் நிற்கிறது. மேல் இழை காயக் காய, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி அடியில் இருப்பது மேலே ஏறுகிறது. அதற்கு ஒரு வழி உண்டு. அந்த இடத்தை லேசாக நனைத்து, தடிமனான வெள்ளைத் துண்டை நாலைந்து மடிப்பாகப் போட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய கனமான புத்தகங்களை மேலே வைத்து ராத்திரி முழுக்க விட்டுவிடு. ஏறுவதைத் துண்டு வாங்கிக்கொள்ளும். காலையில் துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்.

ஆனால் ஒரு கோப்பை டீ கொட்டினால் அவ்வளவு ஆழத்துக்கு இறங்காதே கண்ணா. கட்டிலை ஒட்டின இடம் என்று வேறு சொன்னாய். வாடை இருக்கிறதா என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இருந்தால் இதையும் கேட்டுக்கொள்.

சிறுநீர் என்றால் அது யாருடையது என்று எனக்குத் தெரிய வேண்டாம். ஈரம் இருக்கும்போதே துண்டைப் போட்டு, மேலே ஏறி நின்று உறிஞ்ச வை. காய்ந்துவிட்டால் அதில் இருக்கும் யூரியாவைக் கிருமிகள் அமோனியாவாக மாற்றும், மூக்கில் ஏறுவது அந்த வாடைதான். யூரிக் அமிலம் உப்புப் போலப் படிந்துவிடும், தண்ணீரில் லேசில் கரையாது. மழை நாளில் வாடை மறுபடி கிளம்புவது அதனால்தான். அதற்கென்று என்சைம் கலந்த திரவம் விற்கிறார்கள், அதை வாங்கு. ஏற்கெனவே நீ போட்ட சோப்பும் வாசனைத் திரவமும் என்சைமை வேலை செய்ய விடாது, அதனால் முதலில் வெறும் தண்ணீரால் ஒற்றி எடுத்துவிடு. அடியில் ஈரம் மேலே தெரிவதைவிட அகலமாகப் பரவியிருக்கும். கறையைச் சுற்றி ஒரு சாண் தாராளமாக நனை. பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரைக்கும் காய விடாதே. அப்புறம் மின்விசிறியை நேராகத் திருப்பி வைத்து அடிவரை காய வை, ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். கம்பளி நூல் கார்ப்பெட் என்றால் கம்பளிக்கு ஆகும் என்று பாட்டிலில் எழுதியிருக்கிறதா பார். கம்பளியும் புரதம்தான், சில என்சைம் நூலையே அரித்துவிடும். நீராவி இயந்திரம் எதுவும் வேண்டாம், சூட்டில் வாடை இழையிலேயே தங்கிவிடும்.

ப்ளீச் ஊற்றாதே. இதை இரண்டு தடவை படி. சிறுநீரில் இருக்கும் அமோனியாவோடு ப்ளீச் சேர்ந்தால் நச்சுப்புகை கிளம்பும். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு. கதவைச் சாத்திக்கொண்டு சின்ன அறையில் உட்கார்ந்து துடைக்கிறாயோ என்னவோ, ஜன்னலைத் திறந்து வை.

குட்டிப்பயல் லீவுக்கு வருகிறான் என்று அப்பா சைக்கிளுக்குக் காற்றெல்லாம் அடித்து வைத்திருந்தார். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, பள்ளிக்கூட வேலை இருக்கிறது என்று நிறுத்திவிட்டாய். ஏழு வயசுப் பிள்ளைக்கு லீவில் என்ன பள்ளிக்கூட வேலை? அன்றைக்கு வீடியோவில் அவன் மெத்தையைச் சுவரோடு சாய்த்து வைத்திருந்ததைப் பார்த்தேன். நீ சட்டென்று போனைத் திருப்பிவிட்டாய். "பாட்டியோடு படுத்துக்கொள்ள வாடா" என்றேன், அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தக் குனிந்த தலையை எனக்குத் தெரியும், கண்ணா.

நீல ஓரம் வைத்த அந்த வெள்ளை விரிப்பு உனக்கு மறந்திருக்காது. உனக்கு அப்போது எட்டு வயசு. விடிவதற்கு முன்னால் நீயே எழுந்து, குளியலறையில் குளிக்கிற சோப்பைப் போட்டுக் கசக்கி, அந்தச் சின்னக் கையால் பிழிய முடியாமல், சொட்டச் சொட்டக் கட்டிலுக்கு அடியில் திணித்து வைத்திருந்தாய். நான் வாடை பிடித்துக் கண்டுபிடித்தேன். இழுத்துக்கொண்டு வந்து, அலசாமல்கூட, வாசல் பக்கத்துக் கொடியில் போட்டேன். எல்லோரும் பார்க்கட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று நினைத்தேன். நடுவில் வெளிறி, ஓரத்தில் பழுப்புக் கோடு கட்டின வட்டம் தெருவைப் பார்த்துத் தொங்கியது. உன்னோடு படிக்கிற பிள்ளைகள் போகும் நேரம். நீ ஒரு காலில் ஷூ போட்டபடி, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாய். தெரு காலியாகும் வரை நீ எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கு வேலைக்குப் போனேன். வார்டில் விரிப்பு எடுக்கப் போன இடத்தில், வயசான ஒருவர் படுக்கையை நனைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "மன்னிச்சிடும்மா" என்றார். "இதுல என்னங்க இருக்கு, தண்ணியில போட்டா போயிடும்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். நாள் முழுக்க ஊரார் நனைத்த விரிப்புகளை மூட்டை மூட்டையாக எடுத்துப் போடுவேன், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதற்காக என்னைப் பாராட்டுவார்கள். அந்தப் பெரியவரிடம் சொன்ன ஒரு வாக்கியத்தை அன்று காலையில் உன்னிடம் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. நீ வேண்டுமென்றே செய்கிறாய் என்று நினைத்தேன். தூக்கத்தில் தன்னை அறியாமல் நேர்வதை ஒரு பிள்ளை வேண்டுமென்று எப்படிச் செய்யும்? ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை அப்படிப் போட்டிருக்கிறேன். ஒன்பது வயசில் அது தானாக நின்றபோது, என் கண்டிப்பால்தான் நின்றது என்று அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அது தப்பு. இத்தனை வருஷம் நான் உன்னிடம் இதைச் சொன்னதில்லை. நீயும் கேட்டதில்லை. இப்போது கறை என்ன என்று என்னிடம் சொல்ல முடியாமல் இருக்கிறாய் என்றால், அதற்கு நான்தான் காரணம்.

5 வயதில் 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 15 பேர் படுக்கையை நனைக்கிறார்கள். 7 வயதிலும் நிறையப் பேர் உண்டு. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சின்ன வயசில் இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். நீ அவனிடம் உன் கதையைச் சொல்லியிருக்கிறாயா? சொல். கொடியில் போட்ட பாட்டியின் கதையையும் சேர்த்தே சொல், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் மாதக்கணக்கில் நனைக்காமல் இருந்தவன் திடீரென்று ஆரம்பித்திருந்தால் டாக்டரிடம் காட்டு. மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, சர்க்கரை, பள்ளிக்கூடத்தில் ஏதாவது பயம், எதுவாகவும் இருக்கலாம். அடிக்கடி தாகம் என்கிறானா பார். அதட்டாதே. நீ அதட்ட மாட்டாய், தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து விரிப்பு மாற்றும்போது யாருக்கும் பொறுமை இருக்காது. எனக்கும் இல்லை.

அதற்கு ஒரு வழி சொல்கிறேன். மெத்தைக்குத் தண்ணீர் இறங்காத உறை போடு. அதன்மேல் ஒரு விரிப்பு, அதன்மேல் இன்னொரு தண்ணீர் இறங்காத விரிப்பு, அதன்மேல் இன்னொரு துணி விரிப்பு. நனைந்தால் மேலே இருக்கும் இரண்டையும் உருவி எடுத்தால் போதும், அடியில் காய்ந்த படுக்கை தயாராக இருக்கும். விளக்குக்கூடப் போட வேண்டாம், அவன் முழுதாக விழிப்பதற்குள் திரும்பத் தூங்கிவிடுவான். கட்டிலை ஒட்டித் தரையிலும் துவைக்கிற மாதிரி ஒரு விரிப்பு போடு, கார்ப்பெட் தப்பிக்கும்.

இங்கே என் கட்டிலுக்கு நேற்றே அந்த உறையைப் போட்டுவிட்டேன். அப்பா ஏன் என்று கேட்டார், எனக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். குட்டிப்பயலிடமும் அப்படியே சொல், பாட்டிக்கு வயசாகிவிட்டது, பாட்டிக்குத்தான் போட்டிருக்கிறது என்று. ஒரு சனி, ஞாயிறு கூட்டிக்கொண்டு வா. ஒரே ஒரு ராத்திரி இருந்தாலும் போதும்.

கார்ப்பெட்டின் மூலையைத் தூக்கி அடிப்பஞ்சைத் தொட்டுப் பார்த்து, ஈரமா இல்லையா என்று எனக்கு எழுது. தேய்க்காதே, ஒற்றி எடு.

அன்புடன்
அம்மா

பி.கு: ப்ளீச் வேண்டாம்.