ஒகாவாவை ஏன் விட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்வெளிக் கப்பல் கதைகளான ‘ஸ்டார் ட்ரெக்’ டிவி தொடர்களின் பெண் பாத்திரங்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். உஹுரா இருந்தார், கேப்டன் ஜேன்வே இருந்தார், டாக்டர் க்ரஷரும் ஆலோசகர் ட்ராயும் இருந்தார்கள். ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் வரும் நர்ஸ் அலிஸா ஒகாவாவுக்கு ஒரு வரிகூட இல்லை. நான் அரசு மருத்துவமனைகளில் வார்டும் ஆபரேஷன் தியேட்டருமாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பேரன் இந்தத் தொடரைப் போட்டுக் காட்டியபோது அவன் கப்பலைப் பார்த்தான். நான் அந்தக் கப்பலின் ஆஸ்பத்திரியைப் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

1987-இல் தொடங்கி 1994-இல் முடிந்த தொடர் அது. ஒகாவா வந்து சேர்வது 1990-இல், நான்காவது சீசனில். வந்த புதிதில் அவருக்குப் பெயர்கூடக் கிடையாது, வெறும் நர்ஸ்தான். போகப் போகப் பெயர் வந்தது, பேச இரண்டு வசனம் வந்தது, கடைசியில் ஒரு கதையும் வந்தது. மொத்தம் 16 அத்தியாயங்கள், பிறகு இரண்டு திரைப்படங்கள். 1992-இல் வந்த ‘எதிக்ஸ்’ அத்தியாயத்தில் கப்பலின் அதிகாரி வோர்ஃபுக்கு முதுகெலும்பையே மாற்றும் ஆபரேஷன் நடக்கும். டேபிளைச் சுற்றி நிற்பவர்களில் இவரும் ஒருவர். ஆபரேஷன் செய்யும் டாக்டர்கள் இருவருக்கும் இடையே ஏற்கெனவே வாக்குவாதம். அதன் சூடு ஆறாமலே தியேட்டருக்குள் நுழைகிறார்கள். இந்த மாதிரி நேரத்தில் எந்தப் பக்கமும் சாயாமல் கைவேலையில் மட்டும் கண்ணாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தியேட்டர் நர்ஸ்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நான் அழுத்திச் சொல்ல வந்தது 1994-இல் வந்த ‘லோயர் டெக்ஸ்’ அத்தியாயத்தைப் பற்றி. கேப்டன் பிகார்டை ஓரமாக வைத்துவிட்டு, கீழ்நிலை அதிகாரிகள் சிலரின் கண்வழியாகக் கப்பலைக் காட்டும் கதை அது. அதில் டாக்டர் க்ரஷர், ஒகாவாவின் பதவி உயர்வுக்குத் தாம் பரிந்துரை செய்திருப்பதாக அவரிடமே சொல்கிறார். கொஞ்ச நேரத்தில் கார்டாசியன் என்ற வேற்றுக்கிரக இனத்தைச் சேர்ந்த ஒருவர் ரகசியமாக வந்து படுக்கையில் கிடக்கிறார். எதிரி நாட்டு ஆள். அவருக்குச் செய்யும் சிகிச்சையில் ஒகாவாவையும் சேர்த்துக்கொள்ளும் டாக்டர், வெளியே மூச்சு விடக்கூடாது என்று உத்தரவும் போடுகிறார். அதே நேரத்தில் ஒகாவாவின் கூட்டாளிகள் கப்பலில் என்ன நடக்கிறதென்று ஆளுக்கொரு யூகத்தோடு அலைகிறார்கள். இவருக்கு விஷயம் தெரியும், வாய் திறக்க முடியாது. போலீஸ் காவலில் இருக்கும் நோயாளியைக் கவனித்துவிட்டு, சாப்பாட்டு இடைவேளையில் ‘என்னடி, உன் வார்டுல யாரு?’ என்று கேட்கும் தோழிகளுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்ட நர்ஸ்களுக்கு இந்த இடம் உடனே பிடிபடும். வசனமே இல்லாமல் இதை நடித்துக் காட்ட வேண்டும். ஒகாவாவாக வரும் நடிகை பாட்டி (Patti) யசுடாக்கி காட்டியிருக்கிறார்.

பதவி உயர்வைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ‘ஸ்டார் ட்ரெக்’கில் நர்ஸ் நர்ஸாகவே மேலே வருவது அபூர்வம். 1966-இல் தொடங்கிய முதல் தொடரின் நர்ஸ் கிறிஸ்டின் சேப்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். மேஜல் பாரட் நடித்த பாத்திரம். அவர் உயிரியல் ஆராய்ச்சியில் இருந்தவர். காணாமல் போன வருங்காலக் கணவனைத் தேடுவதற்காக அதை விட்டுவிட்டுக் கப்பலேறியதாகக் கதை. 1979-இல் முதல் திரைப்படம் வந்தபோது அவரை டாக்டர் ஆக்கிவிட்டார்கள். ஆக, நர்ஸ் வேலை என்பது நடுவில் ஏறி இறங்கிய ஒரு பஸ் நிறுத்தம். 2022-இல் தொடங்கிய ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ தொடரில் ஜெஸ் புஷ் நடிக்கும் இளம் சேப்பல் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அவரும் ஆராய்ச்சிப் படிப்புக்கென்று கப்பலை விட்டுக் கிளம்பிவிடுகிறார்.

படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் உறவு வட்டத்திலேயே ‘இவ்வளவு கெட்டிக்காரி, டாக்டருக்குப் படிச்சிருக்கலாமே’ என்று என் காதுபடச் சொன்னவர்கள் உண்டு. பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார்கள்.

ஒகாவாவையும் ஒருமுறை டாக்டர் ஆக்கிப் பார்த்தார்கள். 1993-இல் வந்த ‘பேரலல்ஸ்’ அத்தியாயத்தில் வோர்ஃப் ஒரு பிரபஞ்சத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருப்பார். அதில் ஒன்றில் டாக்டர் ஒகாவா நிற்கிறார். நல்லவேளையாக அது வேறு பிரபஞ்சம். நம்முடைய ஒகாவா நர்ஸாகவே இருந்து லெப்டினன்ட் ஆனார்.

குறை இல்லாமல் இல்லை. டூட்டி முடிந்த பிறகு இவர் என்ன செய்வார் என்று தொடரில் அநேகமாகக் காட்டுவதே இல்லை. ஏழாவது சீசனின் ‘ஜெனிசிஸ்’ அத்தியாயத்தில் கப்பலில் இருப்பவர்கள் ஒரு நோயால் பூர்வகால விலங்குகளாக மாறுகிறார்கள். கர்ப்பிணியான ஒகாவா குரங்கு மாதிரி ஆகிவிடுகிறார். வயிற்றிலுள்ள குழந்தைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவருடைய பனிக்குட நீரை வைத்துத்தான் கப்பலின் இயந்திர மனித அதிகாரி டேட்டா மருந்து தயாரிக்கிறார். மொத்தக் கப்பலையும் காப்பாற்றியது அவர் உடம்பு, அவர் வேலை அல்ல என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. டாக்டர் க்ரஷராக நடித்த கேட்ஸ் மெக்ஃபேடன் இயக்கிய அத்தியாயம் வேறு!

பாட்டி யசுடாக்கி கலிபோர்னியாவில் பிறந்த ஜப்பானிய அமெரிக்கர், நாடக மேடையிலிருந்து வந்தவர். 2023-இல் நெட்ஃபிளிக்ஸின் ‘பீஃப்’ தொடரில் மாமியாராக வந்து வெளுத்து வாங்கினார். 2024 ஆகஸ்டில், 70 வயதில் காலமானார். உங்கள் கட்டுரை அதற்குப் பிறகு வந்தது என்பதால் இன்னும் வருத்தம்.

கட்டுரையாளருக்கு நேரம் இருந்தால் ஏழாவது சீசனின் 15-ஆம் அத்தியாயமான அந்த ‘லோயர் டெக்ஸை’ப் பார்க்கட்டும். முன்கதை எதுவும் தெரியாமலே புரியும். முடிவில் ஒரு இளம்பெண் அதிகாரி இறந்துபோகிறார், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திண்டுக்கல்.