ஆயக்கட்டு இல்லாத ஏரி

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே மூவரும் நலம். அம்மாவும் நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

பொங்கலுக்கு முன் நீங்கள் போட்ட கடிதம் தை முடியும் தறுவாயில்தான் கைக்கு வந்தது. இந்தப் பக்கத்தில் தபால்காரர் வாசலுக்கு வருவதில்லை. ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்துபோய், சாலை முனையில் வரிசையாக நிற்கும் பெட்டிகளில் நம் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அன்று குளிர் மைனஸ் 27. கையுறையோடு உறையைப் பிரிக்க முடியாது, கழற்றினால் விரல் மரத்துப்போகும் என்பதால் வீட்டுக்குப் போய்ப் படிக்கலாம் என்றுதான் நினைத்தேன். உங்கள் கையெழுத்தைப் பார்த்த பிறகு அவ்வளவு தூரம் பொறுக்க முடியவில்லை. ஆவணிக்குப் பிறகு நான் ஒரு வரியும் எழுதாததற்கு நீங்கள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். போனில் பேசினால் சாப்பிட்டாயா, குளிர் எப்படி என்பதோடு முடிந்துவிடுகிறது. ஆகவே இதைச் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

"ஆயக்கட்டே இல்லாத ஏரிக்குச் சங்கம் எதற்கு, அதற்கு நீ செயலாளர் எதற்கு?" என்று கேட்டிருந்தீர்கள். நம் ஊர்ப் பாசனச் சங்கத்தைப் பல வருடமாக இழுத்துக்கொண்டு போகும் உங்களுக்கு இது விளையாட்டாகத்தான் தெரியும். இந்த ஏரித் தண்ணீரில் பாசனமாகும் நிலம், அதாவது ஆயக்கட்டு, ஒரு குழிகூட இல்லைதான். முதலில் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

எங்கள் ஏரி டொரண்டோவுக்கு வடக்கே மூன்று மணி நேரப் பயணத்தில், ஹாலிபர்ட்டன் பக்கத்தில் இருக்கிறது. கரையைச் சுற்றி 138 வீடுகள். காட்டேஜ் என்பார்கள், மே மாதம் விக்டோரியா நாள் விடுமுறைக்குத் திறந்து, அக்டோபரில் நன்றி நாள் முடிந்ததும் குழாயில் உள்ள தண்ணீரையெல்லாம் வடித்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். குளிர்காலத்தில் புகைபோக்கியில் புகை வரும் வீடுகள் பதினொன்று. அதில் ஒன்று நம்முடையது. டொரண்டோ வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இங்கேயே இருப்பது நல்ல காற்றுக்காகத்தான். வேறு காரணம் யோசித்து அண்ணி கவலைப்பட வேண்டாம். அவளுக்கு வேலை அங்கே என்பதால் வாரக் கடைசியில் வந்துவிடுகிறாள். சாலையில் பனி அதிகமாக இருந்தால் அதற்கடுத்த வாரம். வருடம் முழுக்க இங்கேயே இருப்பவன் என்பதால்தான் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. என் திறமையைப் பார்த்து யாரும் கொடுக்கவில்லை.

நம் சங்கத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசத்தைச் சொல்கிறேன். உங்கள் கையில் மடை இருக்கிறது, மடை திறந்து தண்ணீர் பங்கிட நீர்க்கட்டி இருக்கிறார், சட்டமும் ஓரளவுக்குப் பின்னால் நிற்கிறது. இங்கே சங்கத்தின் கையில் ஒன்றுமே கிடையாது. சேர விருப்பமுள்ளவர் சேரலாம், இல்லாதவரை ஒன்றும் கேட்க முடியாது. 138 வீடுகளில் 92 வீடுகள்தான் சந்தா கட்டுகின்றன. மிச்சமுள்ளவர்களும் அதே தண்ணீரில்தான் குளிக்கிறார்கள், நாங்கள் மே மாதத்தில் நடுங்கிக்கொண்டே போட்டுவரும் மிதவைகளைப் பார்த்துத்தான் பாறையில் மோதாமல் படகு ஓட்டுகிறார்கள். வெள்ளையில் ஆரஞ்சுக் குறி போட்ட அந்த மிதவைகள் சங்கத்தின் சொத்து என்பதால், அவை நகர்ந்துபோய் யாருக்காவது அடிபட்டால் பொறுப்பும் சங்கத்துக்குத்தான். ஆகவே வரும் சந்தாவில் பெரும்பங்கு இன்சூரன்சுக்கே போய்விடுகிறது. இப்படிச் சங்கங்கள் இந்த ஒன்டாரியோ மாகாணத்தில் 500-க்கு மேல் இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் சேர்த்து 1963-லிருந்து ஒரு கூட்டமைப்பும் நடக்கிறது. அந்த இன்சூரன்சும் அவர்கள் வழியாகத்தான் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறது. என் சந்தாவை இந்த ஆண்டு பொதுக்கூட்டத்துக்குப் பிறகு தருகிறேன் என்று பொருளாளரிடம் சொல்லியிருக்கிறேன். மறந்துபோயிற்று, வேறொன்றுமில்லை.

நான் பொறுப்பேற்றபோது முந்தைய செயலாளர் ஒரு பிஸ்கட் டின்னில் சங்கத்தின் பழைய தாள்களைக் கொடுத்துவிட்டுப் போனார். தட்டச்சில் அடித்த விதிமுறைகளில் பாதி எலி கடித்தது, மீதியை யாரும் படித்ததில்லை. இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கான புதிய சட்டம் இந்த மாகாணத்தில் 2021 அக்டோபர் 19-ல் நடைமுறைக்கு வந்தது. பழைய சங்கங்கள் தங்கள் விதிகளைத் திருத்திக்கொள்ள மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள். வக்கீல் வைத்துச் செய்யப் பணம் இல்லாததால் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து நானே எழுதினேன். எழுதியது பெரிதில்லை, அதைக் கூட்டத்தில் நிறைவேற்றியதுதான் பெரிது. ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டா, ஓர் உரிமையாளருக்கு ஒரு ஓட்டா என்று ஒரே கேள்விக்கு இரண்டு மணி நேரம் போயிற்று. வடகரையில் ஒரு வீட்டைத் தகப்பனார் நான்கு பிள்ளைகளுக்கும் பொதுவாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அண்ணன் தம்பிகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. ஒவ்வொருவரும் கோடையில் இரண்டு வாரம் என்று முறை வைத்துக்கொண்டு, ஒருவர் போன பிறகுதான் அடுத்தவர் வருகிறார். அன்று நால்வரும் நாலு மூலையில் உட்கார்ந்து நாலு ஓட்டுக் கேட்டார்கள். கடைசியில் வீட்டுக்கு ஒரு ஓட்டு என்றே முடிந்தது. அந்த ஒன்றை யார் போடுவது என்பதை அவர்களே பேசிக்கொள்ளட்டும் என்று கூட்டக் குறிப்பில் எழுதினேன், இன்னும் பேசிக்கொள்ளவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், குழம்பில் மீன் தலையைப் பார்த்துப் பயந்தவர். அவருக்கு இப்போது 84 வயது. சங்கத்துக்கு இதுவரை ஒரு சென்ட் கொடுத்ததில்லை. ஆனால் எல்லாக் கூட்டத்துக்கும் முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லாத் தீர்மானத்தையும் எதிர்த்துப் பேசிவிட்டு, உறுப்பினர் இல்லை என்பதால் ஓட்டுப் போடாமல் எழுந்து போவார். அவர் வீட்டு அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஏரியில் பனிக்கட்டி முழுதும் உருகிய தேதியைப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார். மேலே உள்ள வரிகள் அவர் தகப்பனாரின் கையெழுத்து. எந்த அலுவலகத்திலும் இல்லாத கணக்கு அது. நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று மூன்று வருடமாகக் கேட்கிறேன். கதவைக் கழற்றினால் ஜாடிகள் விழுந்துவிடும் என்கிறார்.

ஆனாலும் தண்ணீர் பார்க்கும் நாளில் துடுப்புப் போட அவர்தான் வருவார். 1996-லிருந்து இங்கே ஒரு திட்டம் நடக்கிறது: அந்தந்த ஏரியில் உள்ள தன்னார்வலர்கள் மே மாதத்தில் தண்ணீர் எடுத்து டோர்செட்டில் உள்ள அரசு ஆய்வுக்கூடத்துக்குத் தபாலில் அனுப்பினால், பாஸ்பரஸ் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வார்கள். லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் தெளிந்த ஏரி. 20-ஐத் தாண்டினால் கோடையில் பாசி பிடித்து நாறும். அதோடு மாதம் ஒருமுறை செக்கித் தட்டு இறக்க வேண்டும். 20 சென்டிமீட்டர் அகலத்தில், கால் கால் பங்காகக் கறுப்பும் வெள்ளையும் அடித்த வட்டத் தட்டு. அளவு குறித்த கயிற்றில் கட்டி, படகின் நிழல் விழும் பக்கமாக மெல்ல இறக்கி, கண்ணுக்கு மறையும் இடத்தையும் திரும்ப மேலே இழுக்கும்போது தெரியும் இடத்தையும் குறித்து, இரண்டுக்கும் நடுவை எழுதிக்கொள்ள வேண்டும். போன ஆடியில் 5.5 மீட்டர். தட்டு மறையும் அந்தக் கணத்தில் பெரியவர் துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கூட விடமாட்டார். சங்கம் எதற்கு என்று கேட்பவர்தான். ஐந்தரை என்று நான் சொன்னதும், "என் கண்ணுக்கு இன்னும் கொஞ்சம் தெரிந்தது" என்று சண்டைக்கு வருகிறார்.

அவர் வீட்டுப் புல்வெளியைத் தண்ணீர் விளிம்புவரை மழமழவென்று வெட்டி வைத்திருந்தார். இங்கே மண் சாண் கனம்தான், கீழே பாறை. புல்லுக்குப் போடும் உரமும் செப்டிக் டேங்கில் கசிவதும் தங்க இடமில்லாமல் நேரே ஏரிக்குள் இறங்கிவிடும். கரையோரத்தில் செடி கொடிகளை வளரவிட்டால் அவை கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். இதை நான் பாஸ்பரஸ் கணக்கோடு இரண்டு கோடை சொன்னேன், அவர் இரண்டு கோடையும் காதில் வாங்கவில்லை. மூன்றாவது கோடையில் ஏரியைப் பற்றியே பேசாமல், புல் வெட்டாத கரையில் கனடா வாத்துகள் ஏறுவதில்லை, மறைவில் நரி இருக்குமோ என்று பயப்படும் என்று மட்டும் சொன்னேன். அவருக்கு அந்த வாத்துகளின் எச்சத்தைக் கண்டால் ஆகாது. மறுநாளிலிருந்து விளிம்பில் இரண்டு மீட்டர் அகலத்துக்கு இயந்திரம் போகவில்லை. நம் அப்பா மாதாந்திரக் கூட்டத்தில் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, டீக்கடை பெஞ்சில் காரியத்தை முடிப்பாரே, அதைத்தான் செய்தேன்.

எல்லோரும் அவ்வளவு எளிதில் மசிவதில்லை. லூன் என்று ஒரு பறவை. இவர்களுடைய ஒரு டாலர் நாணயத்தில் 1987 முதல் இருப்பது. அதன் கால்கள் உடம்பின் பின்கோடியில் இருப்பதால் தரையில் நடக்கத் தெரியாது, ஆகவே தண்ணீர் தொடும் விளிம்பிலேயே கூடு கட்டும். கரையிலிருந்து 30 மீட்டருக்குள் படகு மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. போன கோடையில் ஒரு பையன் அலை எழுப்பும் பெரிய படகில் கரையோரமாகவே சுற்றி, கூடும் இரண்டு முட்டையும் போயிற்று. நான் போய்க் கேட்டதற்கு, நீங்கள் போலீசா என்றான். இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்வது?

உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு விஷயம் உண்டு. இந்த ஏரி தனக்காக நிற்கும் ஏரி இல்லை. கீழே ட்ரென்ட்-செவெர்ன் என்று 386 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு படகுக் கால்வாய் போகிறது. 1833-ல் வெட்டத் தொடங்கி 1920-ல் முடித்தார்கள். கோடையில் அதில் தண்ணீர் குறையாமல் இருக்க எங்களைப் போன்ற மேட்டு ஏரிகளிலிருந்து திறந்துவிடுவார்கள். அணைக்கட்டு மத்திய அரசின் பூங்காத் துறையிடம் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் படகுத்துறைகள் சேற்றில் நிற்கும். உடனே எனக்கு வரிசையாகப் போன் வரும், நான் போய் மதகை அடைத்துவிடலாம் என்பதுபோல. பிறந்ததிலிருந்து நாம் கடைமடைக்காரர்கள் அண்ணா. மேலே இருப்பவன் தண்ணீர் விடவில்லை என்று அப்பா இரவெல்லாம் மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் நின்றதைப் பார்த்து வளர்ந்த நான், இங்கே தலைமடையில் உட்கார்ந்துகொண்டு, கீழே இருப்பவனுக்கு ஏன் விடுகிறாய் என்று அரசுக்கு மனு எழுதுகிறேன். அந்த மனுவில் கையெழுத்துப் போட எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. அவள் வரும்போது முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் கொண்டுவருகிறாள். பெரியவர் பனியில் துளை போட்டுப் பிடிக்கும் மீனைப் பாதி எனக்குத் தந்துவிடுகிறார். விறகு அடுப்பு உள்ள ஓர் அறையிலேயே படுக்கை, மேசை எல்லாம் போட்டுக்கொண்டுவிட்டேன், அதுதான் வசதி.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியைத்தான்: "மார்கழி நாலாம் தேதி ராத்திரி கலிங்கு வழிந்தது, ஊரே கரைமேல் நின்றது." ஏரி நிரம்பி மிச்சத் தண்ணீர் கலிங்கு வழியே வெளியேறியபோது யார் யார் நின்றார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அம்மா வந்தார்களா? நீர்க்கட்டித் தாத்தாவின் பேரன் பறை கொண்டுவந்தானா? அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பதினெட்டு வருடம் ஆகிறது. இங்கே இப்போது ஏரி முழுக்கப் பனி இறுகிக் கிடக்கிறது. ராத்திரியில் குளிர் கூடும்போது அது வெடிக்கும் சத்தம் ஒரு கரையிலிருந்து மறு கரை வரைக்கும் ஓடும். அந்தச் சத்தத்தில் விழித்து, தூக்கக் கலக்கத்தில் கலிங்குதான் வழிகிறது என்று எண்ணி எழுந்து உட்கார்ந்திருக்கிறேன், ஒரு முறையல்ல. தபால் பெட்டியருகே அந்த வரியைப் படித்துவிட்டு நின்றபோது கண்ணீர் இமையிலேயே உறைந்துபோயிற்று. இதை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

நிலத்து விஷயம். பெரியவள் கல்யாணத்துக்காகக் கடைமடை நஞ்சையை விற்பதில் எனக்கு மறுப்பு இல்லை. கிணறு உள்ள துண்டை மட்டும் விட்டுவையுங்கள். அக்காவின் கையெழுத்தும் அம்மாவின் கையெழுத்தும் இல்லாமல் முன்பணம் வாங்க வேண்டாம். வடகரை வீட்டு நால்வரைப் பார்த்த பிறகு எனக்கு இதில் பயம் வந்துவிட்டது. அக்கா வேண்டாம் என்று வாயால் சொன்னாலும் பங்கைக் கையில் கொடுங்கள். என் பங்குக்கு அவசரமே இல்லை, கல்யாணம் முடியட்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனாலும் கிரயம் சித்திரைக்குள் முடியுமானால் அதில் ஒரு பகுதியை இங்கே அனுப்ப வழியிருக்குமா என்று பாருங்கள். கூரையில் சின்ன வேலை ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். முடியாவிட்டால் பரவாயில்லை.

பவர் பத்திரத்தை டொரண்டோவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அது உங்கள் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், பிந்தினால் வீண் சிக்கல். பட்டாவில் என் பெயர் ஒரு விதமாகவும் பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும் இருப்பதைப் பத்திர எழுத்தரிடம் இப்போதே சொல்லி, இரண்டும் ஒருவரே என்று வரும்படி வாசகத்தை எழுதி வாங்கி அனுப்புங்கள். சர்வே எண்களை மட்டும் உங்கள் கையால் எழுதுங்கள். அவர் எழுதினால் 3 எது, 8 எது என்று தெரிவதில்லை. அம்மாவின் இடது கண்ணுக்கு எந்தத் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் அதிலேயே எழுதவும்.

அன்புடன்,
உங்கள் தம்பி