பள்ளி விஷயமாக வசந்தாவுக்கு

அன்புள்ள வசந்தா,

பேத்திக்கு வரன் அமைந்தது கேட்டு மகிழ்ச்சி. கல்யாணத்துக்குக் கட்டாயம் வருகிறேன். ஆனால் உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. எச்.ஐ.வி. இருக்கிறது என்று ஒரு சிறுமியைப் பள்ளியில் சேர்க்க மறுக்கிறார்களா? இன்னுமா?

1986 நினைவிருக்கிறதா? மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மருத்துவ மாணவி நிர்மலா மயிலாப்பூர் காப்பகத்திலிருந்த பாலியல் தொழிலாளிகளிடம் ரத்தம் எடுத்தார். கையுறைகூட இல்லை. மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, சோதனைக்காக வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு ரயிலில் கொண்டுபோனார். 6 பேருக்குக் கிருமி இருந்தது. இந்தியாவில் இந்த நோய் வெளிப்பட்டது அப்படித்தான். நிர்மலாவை நாடு தாமதமாகவேனும் பாராட்டியது. ரத்தம் கொடுத்த பெண்களின் கதியை யார் கேட்டார்கள்? எச்.ஐ.வி. இருந்த ஒரே காரணத்துக்காகப் பாலியல் தொழிலாளிகளைக் காப்பகத்திலேயே அடைத்துவைத்தது அரசு. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் நீதிமன்றம் போன பிறகே கதவு திறந்தது. கோவாவில் 1989இல், ரத்ததானம் செய்து வந்த டொமினிக் டிசோசாவையும், எச்.ஐ.வி. இருக்கிறது என்று போலீசை விட்டுப் பிடித்து 64 நாள் அடைத்தார்கள். நோயைப் பிடிக்கச் சொன்னால் நோயாளியைப் பிடித்தார்கள்!

2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டுமருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. சாவுக்குக் காத்திருந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். அதை என் பணிக்காலத்தில் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் ஒரு பெண், மாத்திரைப் புட்டியின் லேபிளை நகத்தால் சுரண்டிவிட்டுத்தான் பையில் வைப்பாள். கணவனிடமிருந்து வந்த நோய். அவன் இறந்ததும் பழி இவள்மேல் விழுந்தது. மாமியார் வீட்டில் தட்டும் டம்ளரும் தனி. சொத்தில் பங்கு கேட்டதற்கு, "நீ எத்தனை நாள் இருக்கப்போகிறாய்?" என்றார்களாம். கிருமியைவிட இந்தக் கேள்விதான் அவளை அதிகம் வாட்டியது.

அந்தச் சிறுமி விஷயத்துக்கு வருகிறேன். 2017இல் இயற்றிய எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிப் பள்ளியில் இடம் மறுப்பது சட்டவிரோதம். நீ அந்த ஊரில் மதிப்புள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை. தலைமையாசிரியரிடம் நேரில் போய்ப் பேசு. மறுப்பதாக இருந்தால் எழுத்தில் தரச் சொல். பிள்ளையின் பெயரை மட்டும் நாலு பேர் நடுவில் சொல்லிவிடாதே. அவள் அம்மாவிடம் என் எண்ணைக் கொடு. எந்நேரமானாலும் கூப்பிடட்டும்.

அன்புடன்,
சரோஜா