வராதவர்களுக்கு ஒரு நோட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் மன்றங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒவ்வொரு பகுதியிலும் மூத்தோருக்கான நிகழ்ச்சிகள் இன்னும் பெருக வேண்டும் என்கிறார் அதை எழுதியவர். உடற்பயிற்சி, பாட்டு, கைபேசிப் பயிற்சி, மருத்துவ முகாம் என்று ஒரு பட்டியலும் தந்திருக்கிறார். பட்டியலில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பதினோரு ஆண்டுகளாக நான் வேலை செய்யும் மன்றத்தில் இவை எல்லாவற்றையும் நடத்திப் பார்த்தாயிற்று. ஆனால் நிகழ்ச்சி போதவில்லை என்பதற்காக வீட்டோடு முடங்கிப்போன முதியவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அவர் வீட்டு வாசலுக்கும் எங்கள் நாற்காலிக்கும் நடுவில் எங்கேயோதான் ஆளைத் தவற விடுகிறோம்.

மன்றத்தில் என் வேலை வருகைப் பதிவேடு எழுதுவது. வாரம் இரண்டு நாள் கூடுவோம், ஐம்பது அறுபது கையெழுத்து விழும். ஆண்டறிக்கையில் கூட்டிப் போட்டால் பார்க்க நன்றாகவே இருக்கும். அப்படி ஒருமுறை கூட்டிக்கொண்டிருந்தபோதுதான், ஒரு பெயருக்கு நேரே ஐந்து வாரமாகக் கட்டம் காலியாக இருப்பது கண்ணில் பட்டது. எப்போதும் முன்வரிசையில் உட்காருகிற அம்மா. விசாரித்தால், குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சையும் முடிந்து வீட்டில் படுத்திருக்கிறார். அந்த ஐந்து வாரமும் நாங்கள் அடுத்த தெருவில் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அன்றைக்கே இன்னொரு நோட்டு போட்டேன், வராதவர்களுக்காக. தொடர்ந்து இரண்டு தடவை வராதவர் பெயர் அதில் ஏறும். யாராவது ஒருவர் நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்து காரணத்தை எழுத வேண்டும். ‘உடம்பு சரியில்லை’ என்று எழுதினால் நான் விடுவதில்லை. எதனால் சரியில்லை, சரியானாலும் வருவாரா, இதையும் கேட்டு வரச் சொல்வேன்.

அந்த நோட்டில் அதிகம் வந்த காரணம் எது தெரியுமா? கழிப்பறை. யாரும் முதல் பேச்சில் சொல்லவில்லை, இரண்டாம் மூன்றாம் தடவை போனபோதுதான் வாய் திறந்தார்கள். ரத்த அழுத்தத்துக்கும் கால் வீக்கத்துக்கும் பலர் காலையில் சிறுநீர் பெருக்கும் மாத்திரை போடுகிறார்கள். சில மாத்திரைகள் விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடும். அடுத்த சில மணி நேரத்துக்குக் கழிப்பறையை விட்டுத் தூரம் போக முடியாது. நாங்களோ காலை பத்து மணிக்குக் கூடினோம், அதுவும் மாடியில். கழிப்பறை கீழே, கட்டடத்தின் பின்பக்கம். ஒருவர் மன்றத்துக்கு வரும் நாட்களில் மட்டும் மாத்திரையையே விட்டிருக்கிறார். கேட்டபோது வயிற்றைக் கலக்கியது. நம் நிகழ்ச்சிக்கு வருவதற்காக ஒருவர் மருந்தை நிறுத்துகிறார் என்றால் அந்த நிகழ்ச்சி எதற்கு?

கூட்டத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினோம், நேரத்தைப் பிற்பகல் மூன்று மணிக்குத் தள்ளினோம். மதியத் தூக்கக்காரர்கள் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள். ஆனால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. கண்புரை உள்ளவர்களுக்கு எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசும், பாதை தெரியாது.

அடுத்த காரணம், விழுந்துவிடுவோமோ என்ற பயம். 65 வயதைத் தாண்டியவர்களில் 28 முதல் 35 சதவீதம் பேர் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. எலும்பு முறிவு ஒரு பக்கம் இருக்கட்டும். ஒன்றும் ஆகாமல் எழுந்தவரும் மறுநாளிலிருந்து நடையைக் குறைத்துவிடுகிறார். நடக்காத கால் வலு இழக்கிறது, வலு இழந்த கால் மறுபடி இடறுகிறது. இதை வகுப்பு எடுத்து விளக்கிப் பயனில்லை. வழியில் உட்கார இரண்டு இடம் வேண்டும், படிக்குக் கைப்பிடி வேண்டும், முதல் சில வாரம் கூடவே நடந்து வர ஓர் ஆள் வேண்டும். அதே 2007இல் உலக சுகாதார நிறுவனம் 33 நகரங்களில் முதியவர்களையே கேட்டு, முதியோருக்கு உகந்த நகரம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதிலும் உட்காரும் இடம், நடைபாதை, பொதுக் கழிப்பறை என்றுதான் வருகிறது. என் நோட்டைப் பார்த்து எழுதினார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நாற்காலி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நல்ல மனம் படைத்த ஒருவர் எங்களுக்குத் தாழ்வான மெத்தை இருக்கைகளை அன்பளிப்பாகத் தந்தார். உட்கார்ந்தவர்களை எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டது. கைவைத்த, கெட்டியான, கொஞ்சம் உயரமான நாற்காலிதான் வயதானவர்களுக்குச் சரி. அன்பளிப்பை என்ன செய்தோம் என்று இங்கே எழுதினால் அவர் படித்துவிடுவார்.

காது கேட்கவில்லை என்று நோட்டில் யாரும் சொல்லவில்லை. ‘அங்கே பேசுவது போரடிக்கிறது’ என்று சொன்னார்கள். அறுபதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல், அன்றாடப் பேச்சைப் பாதிக்கும் அளவுக்குக் கேட்கும் திறன் குறைகிறது. வயதோடு முதலில் மங்குவது கீச்சென்ற உயர் சுருதி ஒலிகள். உயிரெழுத்து காதில் விழும், மெய்யெழுத்து நழுவிவிடும். அதனால்தான் ‘சத்தம் கேட்கிறது, சொல்வது புரியவில்லை’ என்கிறார்கள். இவர்களிடம் கத்துவதில் பயன் இல்லை. முகம் தெரிகிற மாதிரி எதிரே நின்று நிதானமாகப் பேசினால் போதும். 1990இல் ஐ.நா. அறிவித்த சர்வதேச முதியோர் தினத்தை அக்டோபர் 1 அன்று நாங்களும் கொண்டாடுவதுண்டு. அன்றைக்குச் சிறப்பு விருந்தினர்கள் எதிரொலிக்கிற கூடத்தில் ஒலிபெருக்கியை வாயோடு ஒட்டி வைத்து முக்கால் மணி நேரம் பேசுவார்கள். பின்வரிசை எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். கேட்டுத்தான் ஆட்டுகிறார்கள் என்று நானும் நெடுநாள் நம்பினேன்.

ஆண்கள் வராததற்குக் காரணம் வேறு. ‘வந்து என்ன செய்ய?’ என்றார் ஒருவர். ஓய்வு பெற்ற மின்பணியாளர். அவரைப் பாட்டுக்கும் கைதட்டலுக்கும் அழைத்துக்கொண்டிருந்தோம். மன்றத்தின் விசிறி ஓடவில்லை, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டதும் மறுநாளே வந்தார். இன்றுவரை வருகிறார். விசிறி ஒரே நாளில் சரியாகிவிட்டது, அவருக்கென்று வேறு பழுதுகளை நாங்கள் தேடி வைக்கிறோம். பிரான்சின் துலூஸ் நகரில் 1973இல் ‘மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்’ தொடங்கியபோது பல்கலைக்கழகமே முதியவர்களுக்குப் பாடம் நடத்தியது. 1982இல் பிரிட்டனில் அதைத் தொடங்கியவர்கள், உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் சொல்லித்தரட்டும் என்று மாற்றிவிட்டார்கள். எனக்கு இந்த இரண்டாவது முறைதான் பிடித்திருக்கிறது. வாழ்நாளெல்லாம் கணக்கு எழுதியவரிடம் மன்றத்தின் கணக்கைக் கொடுக்காமல், வண்ணம் தீட்ட ஒரு தாளைக் கொடுப்பது என்ன நியாயம்?

வரவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். நினைவு மங்கிய கணவரைத் தனியே விட முடியாத ஒரு மனைவி எங்கள் நோட்டில் இரண்டு ஆண்டாக இருக்கிறார். அவருக்கு நாங்கள் செய்ய முடிந்தது வாரத்தில் ஒரு பிற்பகல் மட்டும். இருவர் போய் அவருடைய கணவருடன் உட்கார்ந்திருப்பார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் அந்த அம்மா மன்றத்துக்கு வருவார் என்று நினைத்தோம். தூங்குகிறார். சரி, தூங்கட்டும்.

இடுப்பெலும்பு முறிந்த அந்த அம்மாவுக்கு இப்போது வீட்டுக்குள் நடக்க முடிகிறது, தெருவுக்கு வர முடியாது. அவர்தான் எங்கள் தொலைபேசிப் பொறுப்பாளர். ஒவ்வொரு திங்கட்கிழமையும் நோட்டில் உள்ள பன்னிரண்டு பேரை அழைத்துப் பேசுகிறார். இரண்டு விதி வைத்திருக்கிறோம். மருந்து பற்றி யோசனை சொல்லக் கூடாது, வங்கி அட்டை, ரகசிய எண் பற்றி எதுவும் விசாரிக்கவும் கூடாது, அவர்களாகச் சொன்னாலும் காதில் வாங்கவும் கூடாது. யாராவது எடுக்கவில்லை என்றால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிடுவார். அப்போதும் எடுக்கவில்லை என்றால் எனக்குச் சொல்வார், நான் செருப்பை மாட்டிக்கொள்வேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மூத்தோர் நிகழ்ச்சிகளின் அறிவிப்புகளை இதழில் இலவசமாக வெளியிடுகிறீர்கள், அதற்கு நன்றி. அந்த அறிவிப்புகளில் சிறப்பு விருந்தினரின் பட்டங்களைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, எத்தனை படி ஏற வேண்டும், கழிப்பறை எந்தத் தளத்தில், இருட்டுவதற்குள் முடியுமா என்ற மூன்று விவரங்களையும் போட முடியுமா? பதிவு செய்ய ஒரு தொலைபேசி எண்ணும் வேண்டும். கட்டம் கட்டமாக ஒரு படத்தை அச்சிட்டுக் கைபேசியால் படம் பிடிக்கச் சொன்னால் எங்களில் பாதிப்பேர் அங்கேயே நின்றுவிடுவோம். எழுத்தையும் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். சென்ற இதழின் அறிவிப்பை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத்தான் நான் படித்தேன்.

இப்படிக்கு,
முதியோர் மன்றம் ஒன்றில் பதிவேடு எழுதும் வாசகர்