பெற்றோருக்குத் தலைமையாசிரியை கடிதம்: இந்தப் பருவமும் ஒரு மாத்திரை அட்டையும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிகிறது. விளையாட்டு விழாவில் ஓடியவர்களுக்கும், வெயிலில் நின்று கைதட்டியவர்களுக்கும் வாழ்த்துகள். ஓவியப் போட்டியிலும் மனப்பாடப் போட்டியிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கியிருக்கிறார்கள். வாசிப்பு மூலைக்குப் புதிய புத்தகங்கள் வந்துள்ளன. மூன்றாம் வகுப்பினர் நட்ட செடிகளில் பாதி பிழைத்திருக்கின்றன. மீதிப் பாதிக்கு அன்பு மிகுதியால் தண்ணீர் அதிகமாகிவிட்டது. மதிப்பெண் அட்டை வழக்கம்போல் கையொப்பத்துக்கு வரும்.

சரி, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு.

இரண்டு வாரங்களுக்கு முன்பு, மழலையர் வகுப்பின் இடைவேளையில், ஒரு குழந்தை தன் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்றாகப் பிதுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. "பாட்டி மிட்டாய்" என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறது. எதையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று நாம்தானே தினமும் சொல்லிக்கொடுக்கிறோம், அதைத்தான் செய்தது. நல்லவேளை, வகுப்பு உதவியாளர் பார்த்துவிட்டார். ஒவ்வொரு கையாக விரித்து, ஒவ்வொரு வாயாகத் திறந்து பார்த்தோம். ஒருவர் மருத்துவமனைக்குப் போன் செய்தார், இன்னொருவர் குழந்தையின் வீட்டுக்குப் போன் செய்தார். அட்டையில் காலியான குழிகளையும், திரும்ப வாங்கிய மாத்திரைகளையும் எண்ணினோம். ஒன்று குறைந்தது. அது ஒரு மேஜைக் காலுக்குப் பின்னால் கிடைக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

அது சர்க்கரை நோய்க்கான மாத்திரை. அவற்றில் சில வகைகள், பெரியவர்களுக்குத் தினசரி மருந்து என்றாலும், ஒரு சிறு குழந்தை ஒன்றே ஒன்றை விழுங்கினாலும் ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். அது உடனே நடக்க வேண்டும் என்றும் இல்லை. பல மணி நேரம் குழந்தை ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். பிறகுதான் சோர்ந்து சாயும். அதனால்தான் பார்க்க நன்றாக இருக்கும் குழந்தையையும் மருத்துவர்கள் இரவு முழுக்கக் கண்காணிப்பில் வைக்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரையும் இப்படித்தான் ஏமாற்றும். "சத்து மாத்திரைதானே" என்று நினைப்போம். குழந்தை நிறைய விழுங்கிவிட்டால் முதலில் வாந்தி, வயிற்றுவலி. அப்புறம் தெளிந்துவிட்டது போலத் தோன்றும். அதற்கும் பிறகு கல்லீரல் பாதிக்கப்படலாம்.

மறுநாள் அந்த வகுப்பு ஆசிரியை பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, "உங்கள் வீட்டில் மாத்திரை எங்கே இருக்கும்?" என்று கேட்டார். எல்லாக் கையும் உயர்ந்தது. வேறு எந்தக் கேள்விக்கும் அந்த வகுப்பில் இப்படி நடந்ததில்லை. பாட்டியின் தலையணைக்கு அடியில். அம்மாவின் கைப்பையில், ஜிப் வைத்த உள்பையில். "ஃப்ரிட்ஜ் மேலே, ஆனா நாற்காலி போட்டா எட்டும்." இன்னொருவர் மிகுந்த பெருமையோடு, "அப்பா ஒளிச்சு வெச்சிருக்கார், பீரோவில் மூணாவது தட்டு, துணிக்குப் பின்னாடி" என்றார். கேட்டபோது சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போன பிறகு வரவில்லை.

நாம் ஒளித்துவைக்கும் இடமெல்லாம் அவர்களுக்குத் தெரியும். உயரமும் அவர்களுக்கு ஒரு தடை இல்லை. அலமாரியின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து படியாக்கி ஏறுவார்கள். அலமாரியே அவர்கள் மேல் சாயும் விபத்துகள் அப்படித்தான் நடக்கின்றன. (அலமாரியையும் டிவியையும் சுவரோடு பிணைத்துவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய வேலைதான்.) ஆகவே உயரமான இடம், அதோடு ஒரு பூட்டு. சாவி அதே பூட்டில் தொங்கக் கூடாது.

"பாட்டில் மூடி குழந்தைகள் திறக்க முடியாத வகைதான்" என்று சிலர் சொன்னீர்கள். அந்த மூடி தாமதப்படுத்தும், தடுக்காது. அமெரிக்காவில் இதற்கென்று 1970-ல் ஒரு சட்டமே வந்தது. அங்குள்ள விதிப்படி, சோதனைக்கு உட்காரும் சிறு குழந்தைகளில் 80 சதவீதம் பேர் பத்து நிமிடத்துக்குள் திறக்காமல் இருந்தாலே அந்த மூடி தேறிவிடும். மீதி 20 சதவீதம் பேர் திறக்கலாம். உங்கள் பிள்ளை எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள், எனக்கு ஓரளவு தெரியும். மாத்திரை அட்டைக்கு அந்த மூடிகூடக் கிடையாது. கிழமைவாரியாக மாத்திரை போட்டுவைக்கும் பிளாஸ்டிக் டப்பாவோ, நகம் பட்டாலே திறந்துகொள்ளும்.

அப்புறம் அந்த "மிட்டாய்" என்ற சொல். அடம்பிடிக்கும் குழந்தைக்கு மருந்து கொடுப்பது எவ்வளவு பாடு என்று எனக்கும் தெரியும். ஆனால் சிரப்பையோ மாத்திரையையோ ஒரு தடவைகூட மிட்டாய் என்று சொல்லாதீர்கள். நமக்கு அது அன்றைய இரவைக் கடத்தும் ஒரு பொய். நான்கு வயதுக் குழந்தைக்கு அது அகராதி.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அன்று மாலையே ஒரு குறிப்பேடு அனுப்பினோம். திரும்பி வந்த கையொப்பங்கள் பாதிகூட இல்லை. ஆனால் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அது யார் வீட்டுக் குழந்தை என்று கண்டுபிடிக்கும் வேலை இரவு பதினொரு மணிவரை நடந்ததாகத் தெரிகிறது. அதை இத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். அது எந்த வீடாகவும் இருந்திருக்கலாம் என்பதை அந்த வட்டத்தில் உயர்ந்த கைகள் சொல்லிவிட்டன. "பையைப் பள்ளிதான் சோதிக்க வேண்டும்" என்றும் சிலர் எழுதியிருந்தீர்கள். சோதிப்போம். ஆனால் அந்த அட்டை பைக்குள் போனது எங்கள் வாசலுக்கு இந்தப் பக்கம் இல்லையே.

அடுத்த பருவத்திலிருந்து குழந்தையின் பையில் எந்த மருந்தும் வரக் கூடாது. இருமல் சிரப், சத்து மாத்திரை, பாதி உடைத்துக் காகிதத்தில் மடித்த மாத்திரை, எதுவும். தண்ணீர் பாட்டிலில் மருந்தைக் கலந்து அனுப்புவதும் கூடாது. பிள்ளைகள் பாட்டிலை மாற்றி மாற்றிக் குடிக்கிறார்கள். இன்ஹேலர், வலிப்பு மருந்து போன்ற அவசியமானவற்றை, மருத்துவர் கடிதத்துடன், பெரியவர் ஒருவர் நேரில் வந்து வகுப்பு ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும். இதில் விதிவிலக்குக் கேட்டு யாரும் என் அறைக்கு வர வேண்டாம்.

எங்கள் பக்கமும் சுத்தம் என்று நான் சொல்லவில்லை. அன்று பள்ளியைச் சுற்றி வந்தபோது முதலுதவி அலமாரியின் சாவி அந்த அலமாரியின் பக்கத்து ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. என் கைப்பை, உள்ளே என் ரத்த அழுத்த மாத்திரையோடு, நாற்காலி முதுகில் தொங்கியது. இரண்டும் இப்போது இடம் மாறியிருக்கின்றன.

தொலைந்த பொருள் பெட்டியில் இன்னொன்றும் கிடைத்தது: பின்மூடி இல்லாத ஒரு குட்டி ரிமோட். உள்ளே பட்டன் பேட்டரி, காசு மாதிரி. 20 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்த லித்தியம் வகை உணவுக்குழாயில் சிக்கினால், எச்சில் ஈரத்தில் மின்சாரம் ஓடி, பட்ட இடத்தைக் காரம்போல் அரிக்கத் தொடங்கும். இரண்டு மணி நேரத்துக்குள் பலத்த காயம் ஏற்படலாம். பொம்மையை இயக்கச் சக்தியில்லாத பழைய பேட்டரியும் இதைச் செய்யும். வீட்டில் உள்ள ரிமோட், எடைக்கருவி, பாடும் வாழ்த்து அட்டை, மின்னும் பொம்மை எல்லாவற்றின் மூடியையும் ஒருமுறை நகத்தால் நெம்பிப் பாருங்கள். திருகாணி இல்லாமல் திறந்துகொண்டால் அந்தப் பொருள் குழந்தை கைக்குப் போகக் கூடாது.

எதையாவது விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே புறப்படுங்கள், அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். வாயில் மிச்சம் இருந்தால் எடுத்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்தோ, தொண்டையில் விரல்விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அட்டையையோ பாட்டிலையோ கையோடு கொண்டுபோங்கள். மருத்துவருக்கு நீங்கள் சொல்லும் நிறத்தைவிட அந்தப் பெயர் உதவும். மூச்சுத் திணறலோ, எழுப்ப முடியாத தூக்கமோ இருந்தால் அவசர ஊர்தியை அழையுங்கள்.

விடுமுறையில் வீட்டுக்கு விருந்தினர் வருவார்கள், நீங்களும் ஊருக்குப் போவீர்கள். விருந்தினர் பை தரையில்தான் இருக்கும், அதில் மாத்திரையும் இருக்கும். வந்தவுடன் வாங்கி மேலே வைத்துவிடுங்கள், மரியாதையாகவும் இருக்கும். தண்ணீர் வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள். சிறு குழந்தைக்குத் தலைதான் கனம். குப்புற விழுந்தால் சில அங்குலத் தண்ணீரே போதும், சத்தமும் கேட்காது.

அந்தக் குழந்தையின் பாட்டி மறுநாள் காலை பள்ளிக்கு வந்தார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தபோது, பையிலிருந்து பூட்டுடன் கூடிய ஒரு சிறிய தகரப் பெட்டியை எடுத்துக் காட்டினார். சாவி கழுத்துச் சங்கிலியில். அவருக்கு என் நன்றி. பதற்றப்படாமல் எண்ணிப் பார்த்த உதவியாளருக்கு நன்றி. குறிப்பேட்டில் கையொப்பமிட்டு, வீட்டில் என்ன மாற்றினீர்கள் என்று இரண்டு வரி எழுதி அனுப்பியவர்களுக்கும் நன்றி, எல்லாவற்றையும் படித்தேன். மற்றவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிட்டால் விடுமுறைக்கு முன் படித்துவிடுவேன்.

அன்புடன்,
தலைமையாசிரியை

பி.கு.: தொலைந்த பொருள் பெட்டியில் பதினோரு தண்ணீர் பாட்டில்களும், மூன்று ஷூக்களும் உள்ளன. மூன்றும் இடது கால்.