‘அசல், பயன்படுத்தாதது’ என்று நீங்கள் விற்ற 1943 மோசின்-நாகன்ட் ரைஃபிள் குறித்துப் புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். போனில் பேசிய உங்கள் ஊழியர் ‘எதுவா இருந்தாலும் எழுத்தில் அனுப்புங்க’ என்று சொல்லிவிட்டார். சரி, எழுத்திலேயே அனுப்புகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், ஆனால் முழுசாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

உங்கள் விளம்பரத்தில் இருந்தது இதுதான்: ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் ஆலையில் 1943-இல் செய்த 91/30 ரக மோசின்-நாகன்ட், படைக்குக் கொடுக்கப்படாமல் கிடங்கில் இருந்தது, எல்லாப் பாகங்களும் அசல், நம்பர்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும், குழல் மிகச் சிறப்பு. இதற்காகவே, அதே பக்கத்தில் ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று போட்டிருந்த சாதாரண ரகத்தைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை கொடுத்தேன். ‘கையால் தேர்ந்தெடுத்துத் தருகிறோம்’ என்று ஒரு கட்டணம் வேறு வாங்கினீர்கள். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு உண்மையிலேயே ஆசை.

துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் காஸ்மோலின் கிரீஸைத் துடைத்து முடித்ததும் எல்லாம் வெளியே வந்துவிட்டது. மேகசின் (தோட்டா அடைக்கும் பெட்டி) அடித்தகட்டில் பழைய நம்பரின் மேல் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் ரிசீவரின் (குழல் பொருத்தியிருக்கும் நடு உடல்) நம்பரைப் புதிதாக அடித்திருக்கிறார்கள். பழைய நம்பரை இன்றைக்கும் தெளிவாகப் படிக்கலாம், அது முற்றிலும் வேறு ரைஃபிளுடையது. போல்ட்டில் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) பழைய நம்பரை ராவி எடுத்துவிட்டு அந்த இடத்தில் அடித்திருக்கிறார்கள், எழுத்தின் வடிவமே குழலில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை. கட்டை, அதாவது ரைஃபிளின் மர உடல், ஒட்டுப்பலகை, அந்தக் கட்டைகள் 91/30-க்குப் போருக்குப் பிந்திய புதுப்பிப்பில் வந்தவை என்பது இந்த ரைஃபிளைச் சேகரிக்கிற எவருக்கும் தெரியும். அதன் மேல் பூசிய செம்மஞ்சள் அரக்கு வார்னிஷ், மரத்தில் குத்திய முத்திரையின் பள்ளத்துக்குள்ளும் வழிந்து உறைந்து கிடக்கிறது. குழலின் நுனியில், குண்டைச் சுழல வைக்கும் உள்வரிகள் வாயிலேயே தொடங்கவில்லை, அரை அங்குலத்துக்கும் மேல் உள்ளே போய்த்தான் தொடங்குகின்றன. அதாவது, சுட்டுச் சுட்டோ, துப்புரவுக் கம்பி உரசியோ தேய்ந்துபோன நுனியைக் குடைந்து எடுத்திருக்கிறார்கள். படைக்கே கொடுக்கப்படாத ரைஃபிளின் நுனி எப்படி ஐயா தேயும்?

இதற்கெல்லாம் மேலே, ரிசீவர் பக்கத்தில் சதுரத்துக்குள் குறுக்குக்கோடு போட்ட முத்திரை. சோவியத் ஆயுதக் கிடங்குகளில் புதுப்பித்ததற்கான அடையாளம் அது. உங்கள் விளம்பரப் படத்தில் அந்த இடம் சரியாகச் சட்டத்துக்கு வெளியே போயிருக்கிறது. இறக்குமதியாளர் முத்திரையும் அப்படியே, எந்தப் படத்திலும் இல்லை. இறக்குமதி செய்த துப்பாக்கியில் அந்த முத்திரை இருந்தாக வேண்டும் என்பது அமெரிக்காவின் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் இருந்து வருவது, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மறைத்ததில்தான் குறை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புதுப்பித்த மோசின் மட்டமான பொருள் என்று நான் சொல்லவில்லை. போர் முடிந்த பிறகு இவற்றை லட்சக்கணக்கில் கழற்றி, நல்ல பாகங்களைப் பொறுக்கி மறுபடி பூட்டி, நம்பர் அடித்து, கிரீஸ் பூசி அடுக்கினார்கள். அடுத்த போருக்குத் தயாராக வைப்பதுதான் அவர்கள் நோக்கம், என்னைப் போன்ற சேகரிப்பாளரை ஏமாற்றுவது அல்ல. அந்த வேலைக்கே ஒரு வரலாறு உண்டு, என்னிடம் அப்படிப்பட்ட ரைஃபிள்கள் இருக்கின்றன, பிடித்துத்தான் வாங்கினேன். ஆனால் அவை அந்தப் பெயரில், அந்த விலையில் வந்தவை. நூறு டாலருக்கும் கீழே இவை பெட்டி பெட்டியாகக் கிடைத்த காலத்தில் விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தாலும் யாரும் கண்டுகொள்ளவில்லை. இப்போது விலை ஏறியதே அசல் நம்பருக்கும் அசல் கட்டைக்கும்தான், அதைத்தான் நீங்கள் இல்லாமலே விற்றிருக்கிறீர்கள். கிடங்கில் அன்றைக்கு அடித்த கோட்டை மறைக்க அவர்கள் முயலவே இல்லை, படத்தைக் கத்தரித்தது நீங்கள்.

அப்புறம், ‘துப்பாக்கி கைமாறிவிட்டால் சட்டப்படி திரும்ப எடுக்க முடியாது’ என்று உங்கள் ஊழியர் சொன்னார். எந்தச் சட்டம்? என்னிடம் சேகரிப்பாளருக்கான 03 வகை உரிமம் இருக்கிறது, அதன் நகலை வாங்கிக்கொண்டுதான் நேராக என் வீட்டுக்கு அனுப்பினீர்கள். துப்பாக்கி உரிமங்களைக் கவனிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப்-இன் விதிப்படி நான் வைத்திருக்கும் பதிவேட்டில் வரவு எழுதியாயிற்று, உங்களுக்குத் திருப்பி அனுப்பினால் அதே வரியில் எதிர்ப்பக்கம் நிரப்ப வேண்டியதுதான். உரிமம் உள்ள உங்களுக்கு நான் அனுப்புவதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கவில்லை. உங்கள் கடையின் கொள்கையைச் சட்டம் என்று சொல்லி வாடிக்கையாளரை அனுப்பிவிடாதீர்கள். ‘படம் மாதிரிக்கு மட்டுமே’ என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பதும் இங்கே செல்லாது, நான் புகார் செய்வது படத்தின் அழகைப் பற்றி இல்லை, மேலே பெரிய எழுத்தில் நீங்கள் கொடுத்த உறுதியைப் பற்றி.

எனக்கு வேண்டியது ரைஃபிளின் முழு விலை, தேர்வுக் கட்டணம், வந்த செலவு, போகிற செலவு. பாதியை ஸ்டோர் கிரெடிட்டாகத் தருகிறோம் என்று சொன்னீர்களே, அது வேண்டாம். அந்த விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது, அதையும் திருத்துங்கள். ‘புதுப்பிக்கப்பட்டது, நம்பர் மறுபடி அடிக்கப்பட்டது, நுனி குடையப்பட்டது’ என்று எழுதினால் வாங்குகிறவர்கள் வாங்கத்தான் போகிறார்கள்.

மேலே சொன்ன ஒவ்வொன்றுக்கும் படம் இணைத்திருக்கிறேன், அடித்தகட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இந்த மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் கார்டு நிறுவனத்திடம் பணத்தைத் திரும்பக் கேட்பேன். ஃபெடரல் டிரேட் கமிஷன் சட்டத்தின் 5-ஆவது பிரிவு ஏமாற்று விளம்பரத்தைத் தடை செய்கிறது, ஆகவே அவர்களுக்கும் எங்கள் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கும் இதே கடிதம் இதே படங்களோடு போகும்.

ரைஃபிளை நான் ஒரு முறைகூடச் சுடவில்லை, உங்கள் பெட்டியிலேயே மறுபடி வைத்திருக்கிறேன். திரும்ப அனுப்புவதற்கான லேபிளை மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், ஒஹையோ